மழைக்கு வாங்கிய கிட்டார்

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டத்துக் கிறிஸ்மஸ் கரோலுக்கு நடுவில் தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது. நான் கிட்டார் வாங்கிய கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் கோயில் பாடகர் குழு லயம் லயமாகப் போய், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளின் வாசலில் நின்று பாடும். கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் கரோல் வருகிறது என்றால் இந்து வீடுகளிலும் வாசலில் கோலம் போட்டு, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியோடு காத்திருப்பார்கள். முன்பு ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அது ஈரத்தில் ஊறிச் செத்தபின், ஃபோனில் பின்னணி இசையைப் போட்டு, அதை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஒலிக்கவிட்டுப் பாடப் பழகிக்கொண்டோம்.

அன்று இரண்டாவது வீடு. பாட்டின் இரண்டாவது அடிக்குப் போகிறோம், எல்லாருக்கும் கண் பாதி மூடியிருக்கிறது. திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குழைந்த குரலில், முடி கொட்டுகிறதா என்று கேட்டாள். கேக் தட்டோடு நின்றிருந்த வீட்டுக்காரருக்கு முழு வழுக்கை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை நிறுத்தப்போய் இன்னொரு விளம்பரம் வந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. வாசலை விட்டு இறங்கும்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அடுத்த வருஷம் இந்தப் பெட்டி வேணாம். நானே கிட்டார் வாசிக்கிறேன்."

அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. கிட்டாரை அதுவரை கையால் தொட்டது கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வந்தால் என் வாய் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

பாடகர் குழுவுக்குத் தலைவர் எங்கள் கண்டாக்கையா. தோட்டத்தில் வேலையை நடத்தும் அதிகாரி. காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறவர்களை யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவர். பாடகர் குழுவையும் அப்படித்தான் நடத்துவார். யார் முதலில், யார் பின்னால், யார் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்பதெல்லாம் அவர் தீர்மானம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கிட்டார் வாங்குறது லேசு, டீச்சர்," என்றார். அவ்வளவுதான்.

"வாசிக்கிறேன்னு சொன்னேன்ல ஐயா. வாசிப்பேன்."

இப்படி இருபது பேர் முன்னால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இனி ஒன்று, அடுத்த டிசம்பரில் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் ஆயுசுக்கும் கண்டாக்கையாவின் அந்தப் பார்வையைத் தாங்க வேண்டும்.

ஜனவரியில் ஹட்டனுக்குப் போய் ஒரு மரக் கிட்டார் வாங்கினேன். சேலை எடுப்பது போல நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். தேன் நிறம், நல்ல மினுமினுப்பு. ஃபோனில் பாடம் பார்த்துப் பழகினேன். கிட்டாரில் மூன்று விரலைச் சேர்த்து ஒவ்வொரு இடத்தில் அழுத்தினால் ஒவ்வொரு பிடி. ஜி, சி, டி என்று எழுத்துகள்தான் அவற்றுக்குப் பெயர். எங்கள் கரோல் பாட்டுகளுக்கு இந்த மூன்றுமே போதும். ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்கு விரல்கள் ஒன்றாகத் தாவ வேண்டும். என் விரல்களோ கடைசி வரிசைப் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். ஏப்ரல் முடியும்போது மூன்று பிடிகளும் கைக்கு வந்துவிட்டன, ஒரு முழுப் பாட்டையும் தடுமாறாமல் வாசித்தேன்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் உப்பு தண்ணீராகும், நெருப்புப்பெட்டி உரசினால் பற்றாது, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி துணி போலத் துவளும். ஜூன் நடுவில் கிட்டாரை அழுத்தினால் கம்பி இறங்க மறுத்தது. விரல் நுனித் தோல் கிழிந்தது. சத்தம் தகரத்தைத் தட்டுவது போல வந்தது. எனக்கு வயசாகிவிட்டது, இந்த விரல்களுக்கு இனி ஒன்றும் ஏறாது என்று நினைத்தேன். மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்டு, விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதினேன். ஒரு நாள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருப்பது தெரிந்தது. முகப்புப் பலகை ஊதி, கம்பிகள் கழுத்தை விட்டு ஒரு பென்சில் நுழையும் உயரத்துக்கு எழும்பியிருந்தன. குற்றம் என் விரலில் இல்லை. அது தெரிந்ததும் வந்த நிம்மதியை இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்த நிம்மதியில் அவசரப்பட்டு என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மேல்மாடியைப் பார்த்துக்கொள்கிறவர். பறித்து வந்த கொழுந்தை அங்கே நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுவார்கள். ஈரமானது எதுவாக இருந்தாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான். பிள்ளைகளின் சப்பாத்து, கோயில் பீடத்துத் துணி, ஒரு தடவை என் கல்யாணப் படம்கூட அந்த மாடிக்குப் போய் வந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய், சூடான காற்று வரும் இடத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்துச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"இந்தா, நல்லா காஞ்சிருச்சு. பஞ்சு மாதிரி இருக்கு பாரு."

பார்த்தேன். நடு ஓட்டையிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பாதி பெயர்ந்து நின்றது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"கொழுந்துன்னா எனக்கு அளவு தெரியும். இது எவ்வளவு காயணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா ஏங்க தூக்கிட்டுப் போனீங்க?"

மூன்று நாள் அவருக்கு மேசையில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. நாலாவது நாள் மாலை அவர் கதவோரம் நின்றுகொண்டு, "நீ அந்தப் பாட்ட முழுசா வாசிச்ச அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. திரும்பக் கேக்கணும்னுதான் தூக்கிட்டுப் போனேன்," என்றார். இருபது வருஷக் குடும்பத்தில் இந்த மனிதர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அழுதுவிட்டேன். அழுது முடித்ததும், இந்த மழையை ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

ஃபோனில் தேடினேன். ஈர நாட்டில் இருப்பவர்கள், கடலில் போகிறவர்கள், மலையேறுகிறவர்கள் எல்லாம் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கார்பன் ஃபைபர் கிட்டார் என்று ஒன்று வந்தது. பந்தயச் சைக்கிள் செய்கிற அதே சாமான். மரம் ஒரு துண்டும் கிடையாது, அதனால் ஊறாது, காயாது, வெடிக்காது. விலையைப் பார்த்து ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு பேரும் ஹட்டனிலிருந்து ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். கடையில் கார்பன் கிட்டார் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, புதியது, உள்ளே மின்சார வேலைப்பாடு வைத்தது. மற்றது சிறியது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பாவித்துவிட்டு விற்றுப் போனது, முதுகில் ஒரு நீளக் கீறல். இரண்டும் கறுப்பு. என் தேன் நிறத்தை நினைத்து ஒரு கணம் மனசு சுருங்கியது. விரலால் தட்டிப் பார்த்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார்.

"மிஸ், மேக ப்ளாஸ்டிக் நெவெயி," என்றார். பிளாஸ்டிக் இல்லையாம்.

பெரியதைத்தான் அவர் விற்கப் பார்த்தார். உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன். பெருமையாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் அதில் தண்ணீர் போகக்கூடாதே என்றேன். சிறியதை எடுத்து மடியில் வைத்தேன். உடம்பு ஒல்லி, கை தோளைத் தூக்காமல் கம்பிக்குப் போனது. கழுத்து மெலிசு, என் கட்டை விரல் முழுசாகச் சுற்றியது. கம்பிகள் தாழ்வாக இருந்தன. ஜி பிடியை வைத்தேன். ஏப்ரல் மாதத்து விரல்கள் திரும்ப வந்தது போல இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மரக் கிட்டாரையும் வாசித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அதுதான் இனிமை. இருபது தடவை மாற்றி மாற்றி வாசித்தாலும் அதுதான் இனிமை. ஆனால் அது குளிரூட்டிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாழ்வது அப்படி ஓர் அறையில் இல்லை.

"இந்தச் சின்னதில் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்," என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து சிறியதன் முகத்தில் ஊற்றித் துடைத்தார். கம்பிக்கு மட்டும் துருப்பிடிக்கும், அதற்குப் பூச்சுப் போட்ட கம்பி போடுங்கள், நனைந்தால் துடைத்து வையுங்கள் என்றார். அந்தப் பேச்சுத்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. ஒன்றுமே ஆகாது என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. என் வீட்டுக்காரர் கொழுந்தைக் கையில் எடுத்து ஒரு பிடி பிடித்தால், அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே கையை அந்தக் கிட்டாரின் முகத்திலும் முதுகிலும் வைத்துத் தடவினார். ஓட்டைக்குள் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இது வாடவும் வாடாது, ஊறவும் ஊறாது," என்றார் என்னிடம். "எடுத்துக்க."

விலையை இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்குப் பாதிதான் சொன்னேன்.

அதன் கறுப்பைப் பார்த்துத் தோட்டத்தில் அதற்கு டயர் கிட்டார் என்று பெயர் வைத்தார்கள். நான் தினமும் நாலு மணிக்கு வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து வாசித்தேன். தூறல் போட்டாலும் எழுந்திருப்பதில்லை. கரோலில் மழை வந்தால் என் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்கா குடையோடு போகும்போது, "என்ன டீச்சர், கிட்டாரக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். செப்டம்பர், அக்டோபர் முழுக்க மழை. உப்பு தண்ணீரானது, கொப்பிகள் துவண்டன, கிட்டாரின் கம்பிகள் கடையில் இருந்த அதே உயரத்தில் இருந்தன. குளிருக்குச் சுருதி கொஞ்சம் ஏறும், ஆணியைத் திருப்பினால் சரியாகிவிடும். காலையில் எழுந்து முதல் வேலையாக அதை எடுத்து ஒரு பிடி அடித்துப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். மழையை ஜெயித்த சிரிப்பு அது.

நவம்பரில் கோயிலில் ஒத்திகை. கரோல் பாட்டுகள் நாலையும் வாசித்துக் காட்டினேன். கண்டாக்கையா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சரி டீச்சர், வாசிங்க. ஆனா பெட்டியும் வரும். இந்தத் தடவ எல்லாப் பாட்டையும் ஃபோன்ல எறக்கி வச்சிட்டேன், விளம்பரம் வராது. எந்த வீட்டுலயாவது கிட்டார் நின்னுச்சுன்னா பெட்டியப் போட்டுருவேன். அதுக்கப்புறம் கிட்டாரு உறைக்குள்ள."

"நிக்காது, ஐயா," என்றேன். வீம்புதான். உள்ளுக்குள் அந்தப் பெட்டி வருவது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. நான் விழுந்தாலும் பாட்டு விழாது.

டிசம்பரில் கரோல் ஞாயிற்றுக்கிழமை பதினாறு வீடுகள். பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் கண்டாக்கையாவே கையில் வைத்துக்கொண்டார். கட்டை விரல் பொத்தான் மேல். எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

முதல் வீட்டிலேயே ஆபத்து. நான் கம்பியைத் தொடுமுன் அவர் பாட்டை எடுத்துவிட்டார், வழக்கம்போலத் தன் இஷ்டத்துக்கு ஒரு சுருதியில். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் பிடித்து வைத்திருந்த ஜி எங்கோ கிடக்க, அவர் குரல் எங்கோ மேலே போய்க்கொண்டிருந்தது. வாசித்தால் நாராசம், நிறுத்தினால் பெட்டி. சட்டென்று இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா படுக்கப்போட்டேன். அப்படிச் செய்தால் சுரம் வராது, டக்கு டக்கென்று தட்டும் சத்தம்தான் வரும். வலது கையால் தாளத்தை மட்டும் விடாமல் அடித்தேன். பாட்டு முடியும்வரை அடித்தேன். கண்டாக்கையா என் கையைக் குனிந்து பார்த்தார். கிட்டார் நிற்கவில்லை, அவர் கட்டை விரல் பொத்தானை அழுத்தவில்லை.

இரண்டாவது வீட்டு வாசலில் அவர் மூச்சை இழுக்குமுன் ஜி பிடியை நாலு தடவை ஓங்கி அடித்தேன்.

"ஐயா, இதுலருந்து எடுங்க."

தோட்டம் முழுவதற்கும் உத்தரவு போடுகிறவருக்கு உத்தரவு போட்டுவிட்டேன். பின்னால் யாரோ இருமினார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, எடுத்தார். குரல் என் கம்பியில் வந்து சரியாக உட்கார்ந்தது. அந்த வாசலில் பாட்டும் கிட்டாரும் முதல் தடவையாக ஒன்றாகப் போனபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மூன்றாவது வீட்டில் மழை பிடித்தது. தூறல் இல்லை, எங்கள் மலை மழை. குழுவோடு வந்த டோலக்கின் தோல் தளர்ந்து சத்தம் செத்துப்போக, அதைத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றினார்கள். கண்டாக்கையா பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குடைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார். நான் கிட்டாரோடு மழைக்குள் நின்றேன். ஆறாவது வீட்டில் விரல் மரத்துப்போனது. எட்டாவது வீட்டில் சி பிடி பிசகி ஒரு கோணல் சத்தம் வந்தது. பயந்து அவர் பக்கம் பார்த்தேன். பைக்குள் அவர் கட்டை விரல் தயாராக இருந்தது, தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், போகட்டும் என்பது போல. அடுத்த அடியில் சி சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு எங்கே பிசகினாலும் அவரைப் பார்ப்பேன், பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் அடுத்த பிடிக்குத் தாவுவேன். வீட்டுக்கு வீடு கூட்டம் சேர்ந்தது. நாங்கள் பாடி முடித்த வீட்டுக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு அடுத்த வீட்டுக்கு வந்தார்கள்.

பதினாறாவது வீட்டுக்கு முன்னால் அந்த லயமே வெளியே நின்றது. நாலாவது பாட்டின் கடைசி அடியை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், பாட்டுத் தெரியாதவர்கள்கூட. நான் கடைசி ஜி-யை அடித்து அது அடங்கும்வரை விட்டேன். என் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் தொழிற்சாலை உடுப்போடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெற்றி தலைக்கேறியிருந்தது. கண்டாக்கையாவிடம் திரும்பினேன்.

"என்னங்க ஐயா, கடைசிவரைக்கும் பெட்டிய நீங்க போடவே இல்லையே."

அவர் பையைத் திறந்து பெட்டியைச் சாய்த்தார். உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது.

"போட்டாலும் பாடாது, டீச்சர். மூணாவது வீட்டுலயே தண்ணி ஏறிச் செத்துப்போச்சு."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப ஏன் ஐயா சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்திருப்பீங்க. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு." பெட்டியை உதறிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எட்டாவது வீட்டுக்கு அப்புறம் பயமில்ல."

பதின்மூன்று வீடுகள். என்னைத் தாங்க ஏதோ இருக்கிறது என்று நம்பி நான் எட்டி எட்டிப் பார்த்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. மழைக்குள் அந்தப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தது என் கைதான், நாற்பத்தைந்து வயதில் ஒரு வருஷம் பழகிய கை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றேன்.

இன்னொரு பாட்டு வேண்டும் என்று லயத்துக்காரர்கள் கேட்டார்கள். எல்லாரும் கண்டாக்கையாவைப் பார்த்தார்கள். அவர் தானாகப் பாட்டை எடுக்கவில்லை. என் வலது கையைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார்.